டேங்க் உள்ள ஒடுங்கிடுச்சு: பிரீதர் வால்வ் போதுமா, டிரான்ஸ்மிட்டர் வைக்கணுமா?

ராத்திரி_ஷிப்ட்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கெமிக்கல் பிளான்ட்ல ஆபரேஷன்ஸ்ல இருக்கேன், கம்பெனி பேரு வேணாம். எங்க ஸ்டோரேஜ் டேங்க் ஒண்ணு, 10 மீட்டர் விட்டம், கோன் ரூஃப். பெயின்ட் அடிக்க காண்ட்ராக்ட் விட்டிருந்தாங்க. பெயின்ட் உள்ள போயிடக்கூடாதுன்னு ரூஃப் மேல இருக்க பிரீதர் வால்வுக்கு (டேங்க் மூச்சு விடற மாதிரி காத்தை உள்ளயும் வெளியயும் விடற வால்வ்) பாலிதீன் கவர் மாட்டி டேப் சுத்தி கட்டிட்டு சாயங்காலம் கெளம்பிட்டாங்க, பெர்மிட் குளோஸ் பண்ணப்ப யாரும் மேல ஏறி பாக்கல. ராத்திரி லாரி லோடிங்குக்கு பம்ப் ஸ்டார்ட் ஆச்சு. பம்ப்ல ஒரு மாற்றமும் இல்ல, சத்தம் நார்மல், கேஜ் முள்ளு நின்ன இடத்துலயே நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு யார்டு பக்கம் இருந்து தகரம் மடியற மாதிரி பெரிய சத்தம். டார்ச் அடிச்சு பாத்தா மேல ரெண்டு வரிசை பிளேட் உள்ள மடிஞ்சு கெடக்கு, ரூஃப் ஒரு பக்கமா எறங்கிருக்கு. நல்லவேளை ஆளுக்கு ஒண்ணும் ஆகல.

இப்ப எங்க மேனேஜ்மென்ட் சொல்றது, எல்லா டேங்குக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் (பிரஷரை அளந்து கண்ட்ரோல் ரூமுக்கு சொல்ற கருவி) போட்டு வேக்குவம் வந்தா பம்ப் டிரிப் ஆகற மாதிரி இன்டர்லாக் வைக்கலாம், பிரீதர் வால்வ் பழைய காலத்து சாமான்னு. எனக்கு மனசு ஒப்பல. ஆனா ஏன்னு தெளிவா எடுத்து சொல்ல வரல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மூணாவது_வருசம்
மெக்கானிக்கல் படிக்கறேன். ஒரு சின்ன கேள்வி, ஸ்டீல் டேங்க் தானே? அவ்வளவு எடை தண்ணிய தாங்கற டேங்க் கொஞ்சம் காத்து கொறஞ்சதுக்கா மடியும்?

டேங்க்_யார்டு
மடியும்மா. தண்ணி உள்ளருந்து வெளிய தள்ளுது, அப்ப தகடு முழுக்க இழுவைல இருக்கும், ஸ்டீலுக்கு அது சுலபம். வேக்குவம்னா வெளிக்காத்து உள்ள தள்ளுது, மெல்லிசு தகடு அப்ப நெளிஞ்சு மடிஞ்சிடும். மேல் வரிசை பிளேட் தான் இருக்கறதுலயே மெல்லிசு, அதான் எப்பவும் மேல இருந்து ஆரம்பிக்கும்.

கணக்கு போட்டு பாரு. ஏபிஐ 650ங்கற அமெரிக்க டேங்க் ஸ்டாண்டர்ட் படி கட்டுன சாதாரண டேங்குக்கு, தனியா கேட்டு வாங்கலன்னா, 0.25 கிலோபாஸ்கல் வேக்குவம் தான் கணக்குல எடுப்பாங்க. தண்ணி அளவுல சொன்னா சுமார் 25 மில்லிமீட்டர், ஒரு விரல் கனம் கொஞ்சம் கூட. 10 மீட்டர் விட்டத்துக்கு ரூஃப் பரப்பு 78.5 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 25 கிலோ, ஆக கிட்டத்தட்ட 2 டன் ரூஃப் மேல உக்காந்திருக்கு. வென்ட்டை, அதாவது காத்து போற வழிய, கட்டிட்டு பம்பை ஓட்டுனா 25ல நிக்காது, ஏறிட்டே போகும்.

தம்பி ராத்திரி_ஷிப்ட், உங்க பம்ப் ஏன் எதையும் காட்டலன்னா, அதுக்கு சக்ஷன்ல, அதாவது உறிஞ்சற பக்கம், மீட்டர் கணக்குல திரவம் நிக்குது, அதுல சில சென்டிமீட்டர் கொறஞ்சா முள்ளு அசையாது. டேங்குக்கு உயிர் போற விஷயம் பம்புக்கு ஒண்ணுமே இல்ல. பம்ப் கேஜை பாத்து டேங்கை காப்பாத்த முடியாது, இத எல்லா ஆபரேட்டருக்கும் சொல்லி வைங்க.

கருவி_அறை
அதனால தான் டிரான்ஸ்மிட்டர் வேணும்ங்கறேன். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன். கேஜ் காட்டலன்னா காட்டற கேஜ் வைக்கணும். டேங்க் வேப்பர் ஸ்பேஸ்ல ஒரு லோ ரேஞ்ச் டிரான்ஸ்மிட்டர், 10 மில்லிமீட்டர் வேக்குவத்துல அலாரம், 15ல பம்ப் டிரிப். அன்னைக்கு இது இருந்திருந்தா டேங்க் பொழச்சிருக்கும். பிரீதர் வால்வ் திறந்துச்சா ஒட்டிக்கிச்சான்னு தரையில நிக்கறவனுக்கு எப்படி தெரியும்?

டேங்க்_யார்டு
நீங்க சொல்றதுல பாதி சரி சார். மீதி பாதிக்கு வரேன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க, இந்த விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம்.

பிரீதர் வால்வ் உள்ள என்ன இருக்குன்னு முதல்ல பாப்போம், நெறைய பேர் தொறந்தே பாத்திருக்க மாட்டாங்க. ரெண்டு சீட், ரெண்டு மேலயும் ஒரு தட்டு, பேலட்னு சொல்வோம். தட்டு எடையால தான் உக்காந்திருக்கு, சின்ன செட்டிங்ல ஸ்பிரிங் கூட கெடையாது. ஒண்ணு டேங்க்ல பிரஷர் ஏறுனா தூக்கும், இன்னொண்ணு வேக்குவம் வந்தா வெளிக்காத்து கீழருந்து தள்ளி தூக்கும். 200 மில்லிமீட்டர் சீட்டுன்னு வைங்க, பரப்பு 0.0314 சதுர மீட்டர், வேக்குவத்தை 15 மில்லிமீட்டர் தண்ணி அளவுக்கு செட் பண்ணணும்னா தட்டோட எடை அரை கிலோவுக்கும் கொஞ்சம் கீழ வரும். அவ்வளவுதான் அந்த கருவி. ரூஃப்ல ஒரு நாசில் (குழாய் வாய்), அரை கிலோ தட்டு. கரன்ட் வேணாம், காத்து லைன் வேணாம், கண்ட்ரோல் ரூம்ல ஆள் தூங்குனாலும் வேலை செய்யும்.

பம்பை நிறுத்துனா டேங்க் பொழச்சிடும்ங்கறது தான் தப்பான நினைப்பு. வேக்குவம் பம்பால மட்டும் வரல. பங்குனி சித்திரை வெயில்ல காஞ்சு கெடக்கற டேங்க் மேல திடீர்னு கோடை மழை கொட்டுதுன்னு வைங்க, உள்ள இருக்க காத்தும் வேப்பரும் சட்டுனு குளுந்து சுருங்கும், அதுக்கு ஈடா வெளிக்காத்து உள்ள வந்தே ஆகணும். வென்ட்டை சைஸ் பண்றப்ப பம்ப் வெளிய எடுக்கற அளவோட இந்த குளிர்ச்சிக்கும் தனியா கணக்கு சேக்கறாங்க, ஏபிஐ 2000 அதுக்குன்னே இருக்கு. மழைக்கு எந்த பம்பை டிரிப் பண்ணுவீங்க? ஸ்டீம் போட்டு கழுவுன டேங்க் இன்னும் மோசம், ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா சுமார் 1,600 லிட்டர் எடம் புடிக்கும், திரும்பி தண்ணியாகறப்ப அவ்வளவு எடமும் காலி. மேன்ஹோலை மூடிட்டு டீ குடிக்க போனா, திரும்பி வரப்ப டேங்க் இருக்காது.

டிரான்ஸ்மிட்டர் தகவல் சொல்லும். காத்தை உள்ள விடாது. காத்தை உள்ள விடறது அந்த தட்டு மட்டும் தான்.

கருவி_அறை
மழை பாயின்ட் ஒத்துக்கறேன். ஆனா தட்டு ஒட்டிக்கும் சார். டெஃப்லான் சீட்ல பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு ரெண்டு கையால இழுத்து எடுத்த வால்வெல்லாம் பாத்திருக்கேன். கீழ ஃபிளேம் அரெஸ்டர் (வெளித்தீ டேங்க் உள்ள போகாம தடுக்கற சல்லடை மாதிரி ஒண்ணு) இருந்தா இன்னும் மோசம், அந்த சந்துகள்ல மெழுகு மாதிரி அடைச்சிடும்.

ஜுபைல்_ஃபிட்டர்
ஸ்டைரீன் டேங்க்ல இது நிஜம் அண்ணே. வேப்பர் வென்ட்ல போய் பாலிமர் ஆகி கட்டியா நிக்கும். இங்க அரெஸ்டர் எலிமென்ட் கழட்டி லைட் அடிச்சு பாக்கறது தனி ஷெட்யூல். ஊர்ல வேலை பாத்தப்ப குளவி தான் பெரிய தொல்லை, மழைக்கூடு அடியில மண் கூடு கட்டிடும். பறவை வராம வலை போடறோம்னு நைஸ் வலை போடுவாங்க, அதுல தூசியும் பெயின்ட்டும் சேந்து மொத்தமா அடைச்சிடும். அகலமான கண்ணு வலை தான் போடணும்.

கோவை_பட்டறை
நல்ல இழைங்க. நமக்கு பம்ப் ஃபவுண்டரி, டேங்க் அதிகம் தெரியாதுங்க, ஆனா வென்ட்டை கட்டிவெச்ச கதைக்கு வயசு 200க்கு மேல.

எடை வெச்ச சேஃப்டி வால்வ் டெனி பாப்பான் காலத்துது, 1679ல எலும்ப வேகவைக்கற ஆவிப் பாத்திரம் ஒண்ணு செஞ்சாரு, அதுல லீவர்ல எடை தொங்கவிட்டு வால்வ் வெச்சாரு. நம்ம வீட்டு குக்கர் வெயிட்டுக்கு அதாங்க மூதாதை. அப்புறம் இங்கிலாந்துல ட்ரெவிதிக் ஹை பிரஷர் ஸ்டீம் எஞ்சின் கொண்டு வந்தாரு. 1803ல கிரீனிச்ல அவரோட பம்பிங் எஞ்சின் ஒண்ணோட பாய்லர் வெடிச்சு ஆட்கள் செத்தாங்க. சேஃப்டி வால்வ் லீவர திறக்க முடியாதபடி மாட்டி வெச்சிருந்தாங்க, அதோட எஞ்சினையும் நிறுத்திட்டாங்க. உங்க பாலிதீன் கவரும் அதும் ஒரே காரியம் தானுங்க.

அதுக்கப்புறம் ட்ரெவிதிக் என்ன பண்ணாருங்கறது தான் எனக்கு புடிச்ச இடம். ஆளுங்கள திட்டிட்டு விடல. ரெண்டு சேஃப்டி வால்வ் வெச்சாரு, அதுல ஒண்ண தான் ஆபரேட்டர் தொட முடியும். பாய்லர்ல ஈய அடைப்பான் ஒண்ணும் வெச்சாரு, தண்ணி கொறஞ்சு சூடு மீறுனா ஈயம் உருகி ஆவி வெளிய வந்துடும். இன்னைக்கும் குக்கர் மூடியில வெயிட்டுக்கு பக்கத்துல சின்னதா ஒரு சேஃப்டி வால்வ் இருக்கு பாருங்க, உருகற உலோகம் வெச்சது, அதே யோசனை. வெயிட் குழா அடைச்சிடுச்சுன்னா அது போகும், சமையலறை பொழைக்கும்.

அப்புறம் 1850கள்ல ராம்ஸ்பாட்டம்னு ஒருத்தர், ரயில் எஞ்சினுக்கு ஜோடி வால்வ் பண்ணாரு. டிரைவருங்க ஸ்பிரிங்க இறுக்கி கூடுதல் பிரஷர் எடுக்கறது அப்ப பழக்கம். இவரு ரெண்டு வால்வுக்கும் ஒரே லீவர், நடுவுல ஒரே ஸ்பிரிங் வெச்சாரு. லீவர எந்தப் பக்கம் அமுக்குனாலும் ஒரு வால்வ் லேசாகும். இறுக்கவே முடியாதுங்க! வால்வ் ஒட்டிருக்கான்னு ஆட்டி பாக்க அதே லீவர் உதவும். மனுசன் கை என்ன பண்ணும்னு யோசிச்சு செஞ்ச கருவி, இத விட நல்ல டிசைன் சொல்லுங்க பாப்போம்.

மூணாவது_வருசம்
சார் அருமை. எங்க சிலபஸ்ல ராம்ஸ்பாட்டம் சேஃப்டி வால்வ் ரெண்டு மார்க் கேள்வி, படம் வரைஞ்சு பாகம் குறிச்சா போதும். எதுக்கு அப்படி இருக்குன்னு யாரும் சொன்னதில்ல.

ராத்திரி_ஷிப்ட்
இத தான் நான் தேடிட்டு இருந்தேன். வால்வை கட்டவே முடியாத மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? எச்சரிக்கை போர்டு எல்லாம் ஏற்கனவே இருந்துச்சு.

டேங்க்_யார்டு
சில வழி இருக்கு. ஒண்ணு, எமர்ஜென்சி வென்ட்டை தனி நாசில்ல, ரூஃபோட வேற பக்கத்துல வைங்க, கேஜ் ஹேட்ச் மாதிரி மூடி எடையில உக்காந்தது கெடைக்கும். ஆனா கவனம், சாதாரண எமர்ஜென்சி வென்ட் பிரஷருக்கு மட்டும் தான் தூக்கும், வேக்குவத்துக்கும் சேத்து வேலை செய்யறதான்னு கேட்டு வாங்கணும். ரெண்டு, பெயின்ட் வேலைக்கு முன்னாடி டேங்கை லாக் அவுட் பண்ணி பம்ப் சக்ஷன் வால்வ்ல பூட்டு போடணும், பூட்டோட சாவி ரூஃப் மேல வென்ட் பக்கத்துல இருக்க பெட்டியில இருக்கணும். அப்ப பூட்டை எடுக்க வரவன் வென்ட்டை பாக்காம எறங்க முடியாது.

ஜுபைல்_ஃபிட்டர்
சாவி ஐடியா சூப்பர் அண்ணே. இன்னொண்ணு, காசு செலவே இல்லாதது. கண்ணாடி மாதிரி தெரியற டியூபை யூ வடிவத்துல வளைச்சு பாதி தண்ணி ஊத்தி ஒரு முனைய டேங்க் வேப்பர் பக்கம் குடுத்தா எத்தன மில்லிமீட்டர்னு கண்ணால பாக்கலாம். ஹைட்ரோ டெஸ்ட் (டேங்க்ல தண்ணி நெரப்பி சோதிக்கறது) முடிச்சு தண்ணி எறக்கறப்ப இத கட்டி வெச்சிட்டு தான் டிரெயின் வால்வை தொறப்போம். டேங்க் ஒடுங்கறது நெறைய இடத்துல புது டேங்க்ல தான் நடக்கும், ஹைட்ரோ முடிஞ்ச சந்தோசத்துல மேல மூடி இருக்கறத மறந்துட்டு தண்ணிய தொறந்து விடறது.

கருவி_அறை
நான் டிரான்ஸ்மிட்டர் கட்சி தான், இருந்தாலும் எங்க துறை கத்துக்க வேண்டிய ரெண்டு சம்பவத்த நானே சொல்றேன்.

1979 மார்ச், அமெரிக்கால த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை. பிரஷர் ரிலீஃப் வால்வ் தொறந்துச்சு, மூட வேண்டிய நேரத்துல மூடல, ஒட்டிக்கிச்சு. பேனல்ல லைட் அணைஞ்சிருந்ததால ஆபரேட்டருங்க மூடிடுச்சுன்னு நெனச்சாங்க. அந்த லைட் வால்வோட நிலைய காட்டல, வால்வை இயக்கற சோலினாய்டுக்கு (மின்காந்த சுருள்) கரன்ட் போகுதா இல்லையான்னு தான் காட்டுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூலன்ட் வெளிய போய்ட்டே இருந்துச்சு.

2005 டிசம்பர் 11, இங்கிலாந்து பன்ஸ்ஃபீல்டு ஆயில் டிப்போ. பெட்ரோல் டேங்க் நெறஞ்சுட்டு இருக்கு, லெவல் கேஜ் ஒரே இடத்துல நின்னுடுச்சு. அதுக்கு மேல தனியா ஒரு ஹை லெவல் ஸ்விட்ச் இருந்துச்சு. அந்த ஸ்விட்ச்ல டெஸ்ட் பண்ண ஒரு லீவர், அந்த லீவர சரியான நிலைல புடிச்சு வைக்க ஒரு பூட்டு வேணும். அந்தப் பூட்டு சும்மா பாதுகாப்புக்குன்னு நெனச்சு போடாம விட்டாங்க, ஸ்விட்ச் வேலை செய்யல. 2,50,000 லிட்டருக்கு மேல பெட்ரோல் வழிஞ்சு, ஆவி மேகமா பரவி, காலையில 6 மணிக்கு வெடிச்சது. ஞாயித்துக்கெழமைங்கறதால உயிர் போகல, 40 பேருக்கு மேல காயம்.

அதனால என் நிலைப்பாடு இப்படி மாறுது: தட்டு வால்வ் தான் முதல் காவல், டிரான்ஸ்மிட்டர் அந்த தட்டு வேலை செய்யுதான்னு பாக்கற கண்ணு. டிரான்ஸ்மிட்டர தனி நாசில்ல வைக்கணும், அரெஸ்டருக்கும் வால்வுக்கும் நடுவுல டேப் எடுத்தா அடைப்ப அது பாக்கவே பாக்காது. அட்மாஸ்ஃபியர் பக்கம் தொறந்த முனைய காத்தடி, மழை படாம மறைக்கணும், 15 மில்லிமீட்டர் அளக்கற எடத்துல ஒரு சொட்டு தண்ணி நின்னாலே கணக்கு கெட்டுடும்.

டேங்க்_யார்டு
இப்ப நீங்களும் நானும் ஒரே பக்கம் சார். சந்தோசம்.

வால்வ் டிசைனே ஆபத்தான கதை நம்ம நாட்டுலயும் இருக்கு. 2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் சாங்கானேர் எண்ணெய் டெர்மினல். அங்க டேங்க் லைன்ல ஹேமர் பிளைண்ட் வால்வ் இருந்துச்சு. அதாவது லைனை அடைக்கற தகடை மாத்தணும்னா சுத்தியலால ஆப்ப தளத்தி, பாடிய திறந்து, தகட கையால திருப்பி வைக்கணும். திறந்திருக்கற அந்த நேரத்துல லைன் வானத்துக்கு திறந்து கெடக்கு. டேங்க் பக்கத்து வால்வ் மூடியிருக்குன்னு நம்பி தான் அந்த வேலையே. அன்னைக்கு அது திறந்துச்சு, பெட்ரோல் பீச்சி அடிச்சது, ஆளால கிட்டயே போக முடியல, மேகமாகி வெடிச்சது. தீ நாள் கணக்கா எரிஞ்சு தானா அடங்குச்சு. ஒரு வால்வை இயக்கறதுக்கே லைனை வெளிக்காத்துக்கு திறக்கணும்னா, அந்த வால்வ் கையில இருக்கறவன் இன்னொருத்தன் வேலைய நம்பி உயிர வைக்கறான். எனக்கு இத நெனச்சா இன்னும் ஆறல.

கோவை_பட்டறை
வருத்தமா இருக்குதுங்க.

பம்ப் பக்கம் இருந்து ஒரு நல்ல கருவி சொல்றேன், கம்பி இல்லாம தானா வேலை செய்யறதுக்கு உதாரணமா. சென்ட்ரிஃபியூகல் பம்ப் டெலிவரிய மூடிட்டு ஓட்டுனா என்னாகும்? மோட்டார் குடுக்கற சக்தி முழுக்க கேசிங் உள்ள நிக்கற தண்ணிய சூடாக்கும், கொதிச்சா இம்பெல்லர், சீல் எல்லாம் போச்சு. பாய்லர் ஃபீட் பம்ப்ல இது பெரிய பிரச்னை. அதுக்கு ஆட்டோமேட்டிக் ரீசர்குலேஷன் வால்வ்னு ஒண்ணு, ஏஆர்சினு சொல்வாங்க. பாக்க டெலிவரில வைக்கற நான் ரிட்டர்ன் வால்வ் மாதிரி தான் இருக்கும். உள்ள தட்டு ஃப்ளோவுக்கு ஏத்தபடி மேல மிதக்கும். தட்டோட தண்டு கீழ பைபாஸ் துவாரத்தோட சேந்திருக்கு. ஃப்ளோ நல்லா போனா தட்டு ஏறும், பைபாஸ் மூடும். லைன்ல எடுக்கறது கொறஞ்சா தட்டு எறங்கும், பைபாஸ் திறந்து தண்ணி டேங்குக்கே திரும்பும். ஃப்ளோ மீட்டர், கண்ட்ரோல் வால்வ், பேனல் மூணும் செய்யற வேலைய ஒரு தட்டும் தண்டும் செய்யுது.

பம்ப் ஷாஃப்ட் வழியா தண்ணி கசியாம அடைக்கற கிளாண்ட் ரோப்புக்கும் மெக்கானிக்கல் சீலுக்கும் இதே கதை தானுங்க. ரோப் போட்ட பம்ப்ல சொட்டு சொட்டா தண்ணி விழணும், அதான் ரோப்பை குளுர வைக்குது. சொட்டு விழுந்தா லீக்னு நெனச்சு நட்டை இறுக்கறது, ரோப் கருகி ஷாஃப்ட் ஸ்லீவ்ல பள்ளம் விழறது, எங்க சர்வீசுக்கு வர பம்ப்ல இது தான் ஜாஸ்தி. மெக்கானிக்கல் சீல்ல இறுக்கற நட்டே கெடையாது. ஸ்பிரிங் தானா அமுக்கிக்கும், ரெண்டு முகமும் மைக்ரான்ல சமப்படுத்தினது, தேய தேய ஸ்பிரிங் தள்ளி குடுக்கும். ஆனா காஞ்சு ஓட்டுனா கொஞ்ச நேரத்துல போயிடும், அதுக்கு மன்னிப்பே இல்ல.

மூணாவது_வருசம்
இந்த மாதிரி கையாள்ற ஆளையும் கணக்குல எடுத்து செஞ்ச வால்வ் இப்ப புதுசா வர்றதுல எது? புராஜெக்ட்டுக்கு எடுத்துக்கலாமான்னு பாக்கறேன்.

ஜுபைல்_ஃபிட்டர்
தங்கச்சி, பால் வால்வ் கேவிட்டிய, அதாவது பாடிக்குள்ள பந்தை சுத்தி இருக்க காலி எடத்த, எடுத்துக்கோ. நெறைய பேருக்கு தெரியாத விஷயம். பால் வால்வ மூடுனா பந்து உள்ளயும் பந்தை சுத்தியும் கொஞ்சம் திரவம் மாட்டிக்கும். ரெண்டு சீட்டும் டைட். அம்மோனியா, குளோரின், எல்என்ஜி மாதிரி சரக்குன்னா மாட்டுனது சூடேறி விரியும், போக வழி இல்லன்னா பிரஷர் தாறுமாறா ஏறி சீட்டை பிதுக்கிடும், பாடியே பொளக்கலாம். இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பிரஷர் மீறுனா தானா பின்வாங்கி வழி விடற சீட், செல்ஃப் ரிலீவிங் சீட்னு கேட்டு வாங்கணும். இன்னொண்ணு இன்னும் எளிசு, பந்துல ஒரே ஒரு சின்ன துளை. வால்வ் மூடியிருக்கப்ப அந்த துளை சரக்கு வர்ற பக்கத்த பாத்திருக்கும், மாட்டுன திரவம் அந்த வழியா வந்த லைனுக்கே போயிடும்.

மூணாவது_வருசம்
அண்ணா அப்ப ரெண்டு பக்கமும் போடற வால்வா இருந்தது ஒரு பக்க வால்வ் ஆயிடுமே?

ஜுபைல்_ஃபிட்டர்
சரியா புடிச்சிட்ட. ஆமா. ஒரு பக்க சீட் தான் அடைக்கும். அதனால பாடில அம்புக்குறி போட்டிருப்பாங்க. பெயின்ட் அடிச்சு அம்புக்குறி மறைஞ்ச வால்வ ஷட்டவுன்ல கழட்டி திருப்பி மாட்டிட்டா துளை தப்பான பக்கம் வந்துடும், லைன் மூடியிருக்குன்னு நெனச்சு ஃப்ளேஞ்ச கழட்டறவன் மேல சரக்கு வரும். நாங்க கழட்டறதுக்கு முன்னாடியே ஃப்ளேஞ்ச் விளிம்புல உளியால ஒரு குறி வெட்டிடுவோம், வால்வுலயும் லைன்லயும் நேருக்கு நேர். மாட்டறப்ப பந்தை மூடுன நிலைல வெச்சு விரல விட்டு துளைய தடவி பாத்துட்டு தான் போல்ட் போடுவோம். புராஜெக்ட்ல நீ யோசிக்க வேண்டியது, ஃப்ளேஞ்ச் துளை கணக்க ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி அமைச்சு, திருப்பி மாட்டவே முடியாதபடி பண்ண முடியுமான்னு. ஸ்டாண்டர்ட் ஃப்ளேஞ்ச்ல அது கஷ்டம், லொக்கேட்டிங் பின் ஒண்ணு வெச்சு முடியலாம். வரைஞ்சு இங்கயே போடு, பாப்போம்.